ஆறு போர்டுகளின் அடிப்பக்கம்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் வெல்டர்கள் ஒன்பது பேர். ஆனால் "வெல்டரே" என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்ப்பது ஒருத்தன்தான். மற்ற எட்டுப் பேருக்கும் பேர் இருந்தது. இவனுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் தொழிலே பேராகிவிட்டது. பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒட்டுகிற வேலை என்றால் ஃபோர்மேன் வேறு ஆளைத் தேடமாட்டார். ஒட்டின இடத்தைப் பார்த்தே இது யார் கை என்று வெல்டர் சொல்லிவிடுவான். இன்னார் அவசரக்காரன், இன்னார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் என்பது வரைக்கும் சொல்வான். பாதி வம்பு, பாதி உண்மை.

அப்படிக் கையைத் தூக்கித் தூக்கி அவன் தோள்தான் கடைசியில் மக்கர் பண்ணியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், அதற்கு மேல் கையைத் தூக்கினால் தோள் உங்கள் பேச்சைக் கேட்காது என்றார். வெல்டர் அதை வீட்டில் சொன்னான், பட்டறையில் சொல்லவில்லை. சொன்ன நாளிலிருந்து அவன் வீட்டில் பேசுவதும் குறைந்துபோனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்ட்டர் வேலை பார்க்கும் அவன் மனைவி, சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பான். ஏன் என்று கேட்டால், போட்டால் மட்டும் என்ன தெரியப்போகிறது என்பான்.

இப்படி இருக்கும்போதுதான் ஃபோர்மேன் ஒரு சேதி சொன்னார். இனி வரும் பஸ்களில் ஊர்ப் பேரை விளக்கிலேயே எழுதிக் காட்டும் பலகை இருக்கும், அடுத்த நிறுத்தம் எது என்று அறிவிக்கும் ஸ்பீக்கர் இருக்கும். அதையெல்லாம் பழுது பார்க்கப் பட்டறையில் தனியாக ஒரு மேஜை போடப்போகிறார்கள். வெளியாள் வேண்டாம், உள்ளே இருக்கிறவர்களில் இரண்டு பேர் போதும். சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பரீட்சை. கையில் பாகங்களைக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரத்தில் செய்து ஓடவைத்துக் காட்ட வேண்டும்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை. கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாத வேலை. வெல்டர் அன்றைக்கே பேர் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் ஆறாவதைத் தாண்டாதவன், கரன்ட்டு என்றால் சுவிட்சைப் போட்டால் வருவது என்ற அளவுக்கு மேல் தெரியாதவன்.

பேர் கொடுத்தவர்களில் பெயின்ட்டரும் ஒருத்தன். பஸ்ஸுக்கு வர்ணம் அடிப்பவன், வாயாடி. அவன் ஒரு சின்ன விளக்கை மினுக்க வைக்கிறேன் என்று ஆரம்பித்தான். வெல்டருக்கு அது கேவலமாகப் பட்டது. பழைய புத்தகக் கடையில் ஒரு ரேடியோ புத்தகம் தேடிப் பிடித்தான். ஆறு அத்தியாயம், ஆறு சர்க்யூட் போர்டு. ஆறையும் கோர்த்தால் கடல் தாண்டி இருக்கும் நிலையம் எல்லாம் கேட்கும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் தொடுகிற சாமானே இல்லை அது.

"மினுக்குற விளக்கை வச்சு என்னய்யா பண்ணப்போற? செத்தவன் வீட்டு வாசல்லயா மாட்டப்போற?" என்று பெயின்ட்டரைக் கேட்டான்.

"நீ ரேடியோ செஞ்சா அது பாட்டா பாடும்? பஸ்ஸு மாதிரி ஹாரன்தான் அடிக்கும்" என்றான் பெயின்ட்டர்.

வெல்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஊருக்கு நடுவில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தான். டிவி, மிக்ஸி, எடை மெஷின் எல்லாம் பழுதுக்கு வரும் இடம். சொந்தக்காரர் மத்தியில் எலக்ட்ரானிக்ஸ் என்றாலே அவன்தான். உண்மையில் அவன் பார்த்தது முன்னால் உட்கார்ந்து சாமானை வாங்கிச் சீட்டுப் போடுகிற வேலை. ஆனால் யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

மச்சான் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ரொம்பத் தெரிந்தவன் மாதிரி வழி சொல்லிக் கொடுத்தான். சொன்னதெல்லாம் நல்ல வழிதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆறையும் ஒரே மூச்சில் செய்து கோர்த்துவிட்டு ஓடவில்லையே என்று முழிக்கக் கூடாது. பின்னாலிருந்து வர வேண்டும். முதலில் கரன்ட்டு கொடுக்கும் போர்டு, அதைச் சோதித்த பிறகு சத்தத்தைப் பெரிதாக்கும் போர்டு, அப்புறம் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து கடைசியில் ஏரியல் கம்பி. ஒன்று ஓடினால்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இத்தோடு இன்னொரு சட்டமும் போட்டான். செய்து முடித்த போர்டுக்கு வீட்டில் கரன்ட்டு கொடுக்கக் கூடாது. எங்கேயாவது ஒரு தப்பு இருந்தால் பாகங்கள் கருகிவிடும். சென்டரில் அதற்கென்று மெஷின் இருக்கிறது, நான் எடுத்துப் போய்ச் சோதித்துக் கொண்டுவருகிறேன் என்றான். சோதித்து வந்ததன் அடியில் அட்டை வைத்துத் திருகாணி போட்டு, திருகாணித் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. அது பாஸான அடையாளம். பாஸானதைத் திரும்பத் திறந்து நோண்டக் கூடாது, நோண்டினால் நன்றாக இருப்பதும் கெட்டுவிடும்.

வெல்டருக்கு இந்தச் சட்டம் பிடித்துப்போனது. பட்டறையிலும் அப்படித்தான், மேற்பார்வை ஆள் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுவிட்டால் அந்த இணைப்பை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

சமையலறை மேஜையின் ஒரு பக்கம் அவனுடையதானது. புத்தகத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ரெசிஸ்டரின் மேல் இருக்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்து மதிப்புச் சொல்ல, குளிக்கும்போதும் முணுமுணுத்துப் பழகினான். மனைவி கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தாள். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தபோது மட்டும் அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் இரும்பை ஒட்டினவனுக்கு இந்த ஈயத்தை ஒட்ட ஒருத்தன் சொல்லித் தர வேண்டுமா என்ன.

முதல் போர்டை நான்கு நாளில் முடித்து ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து மச்சானிடம் கொடுத்தான். அன்றைக்குப் பட்டறையில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. மறுநாள் சாயங்காலம் மச்சான் டப்பாவோடு வந்தான். அடியில் அட்டை, நான்கு திருகாணி, நான்கு சிவப்புச் சொட்டு. மீட்டரை வைத்துக் காட்டினான். புத்தகத்தில் பன்னிரண்டு வோல்ட் என்று இருந்தது, மீட்டரிலும் பன்னிரண்டு. வெல்டர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று சிரித்தான். உள்ளே வேலையாக இருந்த மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் வீட்டில் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

இரண்டாவது போர்டு வந்தபோது, ஸ்பீக்கரை மாட்டி, உள்ளே சத்தம் நுழைகிற கம்பியில் விரலை வைக்கச் சொன்னான் மச்சான். வைத்தான். ஸ்பீக்கர் "உம்ம்ம்" என்று உறுமியது. விரலை எடுத்தால் நின்றது, வைத்தால் உறுமியது. வெல்டர் மனைவியைக் கூப்பிட்டு அவள் விரலையும் வைக்கச் சொன்னான். அவள் வைத்தாள். உறுமியது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தம்பி திருகாணியைப் பார்த்தான். வெல்டர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. கொடுத்தது எல்லாம் பாஸாகி வந்தது. தோள்வலி இருந்தது, ஆனால் அதைப் பற்றிய பேச்சு இல்லை. பட்டறையில் பெயின்ட்டரின் கதையோ நேர்மாறு. மினுக்க வேண்டிய விளக்கு மினுக்கவில்லை, அப்புறம் மினுக்கியது, பிறகு அணையவே மாட்டேன் என்றது. திருடன் வந்தால் கத்துகிற ஒரு பெட்டி செய்தான், அது திருடன் இல்லாமலே கத்தி அவன் வீட்டுக்காரர் கதவைத் தட்டும்படி ஆனது. தினமும் கருகின பாகம் ஒன்றைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டி, இது ஏன் செத்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவான்.

"உன் கை ராசி அப்படி" என்பான் வெல்டர். "எனக்கு அஞ்சுக்கு அஞ்சு."

"அஞ்சும் முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

பெயின்ட்டர் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ஒண்ணு நீ பெரிய ஆளு, இல்லேன்னா பொய் சொல்ற" என்றான். வெல்டர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான்.

ஆறாவது வந்து, ஆறையும் கோர்த்து, ஜன்னல் வழியாக ஏரியல் கம்பியை வெளியே விட்ட அன்றைக்கு ரேடியோவில் யாரோ ஒரு பெண் புரியாத பாஷையில் செய்தி வாசித்தாள். வெல்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல் முழுச் செய்தியையும் கேட்டு முடித்தான். மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் நான் இல்லை என்றான். மச்சான் அப்படியெல்லாம் இல்லை மாமா என்று கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவனுக்கு அடக்கம் ஜாஸ்தி என்று வெல்டர் நினைத்துக்கொண்டான்.

பரீட்சைக்கு ஏழு பேர் வந்தார்கள். பட்டறையின் ஸ்டோர் ரூமில் நீள மேஜை போட்டு, ஆளுக்கு ஒரு அயர்ன், ஒரு மீட்டர், ஒரு கவரில் பதினான்கு பாகம். விளக்கு மினுக்க வேண்டும், மினுக்கும்போது கூடவே ஒரு சத்தம் வர வேண்டும். வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்துச் செய்தி கேட்டவனுக்கு மினுக்குற விளக்கு.

எல்லோருக்கும் முன்னால் முடித்தான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபோர்மேனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான்.

விளக்கு எரியவில்லை.

சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டான். இல்லை. கம்பியை ஆட்டிப் பார்த்தான். இல்லை.

"எங்க தப்புன்னு பாருங்க, நேரம் இருக்கு" என்றார் ஃபோர்மேன்.

நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது? மீட்டரைக் கையில் எடுத்தான். அதை எந்த இடத்தில் வைப்பது, வைத்தால் என்ன எண் வர வேண்டும், வராவிட்டால் என்ன அர்த்தம், ஒன்றும் தெரியவில்லை. இந்த ஆறு மாதத்தில் ஓடாத ஒரு போர்டை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. போர்டைத் திருப்பி, ஒட்டின இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தான். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு ஆள் தள்ளிப் பெயின்ட்டர். அவன் போர்டும்தான் எரியவில்லை. அவன் பதறவில்லை. "செத்துட்டியா, சரி, எங்க செத்தன்னு பாப்போம்" என்று அதோடு பேசிக்கொண்டே மீட்டரின் கறுப்புக் கம்பியை ஒரு மூலையில் மாட்டினான். சிவப்புக் கம்பியை முதலில் கரன்ட்டு நுழையும் இடத்தில் வைத்தான். இங்கே இருக்கிறது. அடுத்த இடம், இங்கேயும் இருக்கிறது. மூன்றாவது இடத்தில் இல்லை. நடுவில் இருந்த பாகத்தை எடுத்துத் திருப்பிப் போட்டான். விளக்கு மினுக்கியது, சத்தம் வந்தது. எல்லாம் கால் மணி நேரம்.

பெயின்ட்டரையும் டயர் பிரிவிலிருந்து வந்த ஒருத்தனையும் எடுத்துக்கொண்டார்கள். ஃபோர்மேன் வெல்டரின் தோளைத் தட்டி, அந்தத் தோளைத்தான், செத்த போர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பழகுங்கள் என்று கொடுத்தார். இன்னொரு பரீட்சை வருமா என்று அவன் கேட்டான். இப்போதைக்கு இரண்டு ஆள்தான் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். யாரும் இல்லை. வழியெல்லாம் அவன் மனதில் ஓடியது ஒன்றுதான்: பாகம் மோசம், அயர்ன் மோசம், கொடுத்த போர்டே மோசம். இல்லாவிட்டால் ஆறுக்கு ஆறு அடித்த கை ஏழாவதில் எப்படித் தவறும்? நன்றாக ஓடுகிற போர்டின் அடிப்பக்கத்தையும் இதன் அடிப்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ரேடியோவை மேஜையில் கவிழ்த்தான். பாஸானதைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் ஞாபகம் வந்தது. இன்னும் என்ன கெட்டுப்போக இருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரால் சிவப்புச் சொட்டைச் சுரண்டினான்.

அட்டையை எடுத்தான். பார்த்தான். எழுந்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

அவன் பையில் இருந்த பரீட்சை போர்டில் ஈயம் உருண்டை உருண்டையாக, மங்கலாக, மணல் தூவினது போல இருந்தது. ரேடியோ போர்டில் ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஈயம் சின்னக் கூடாரம் மாதிரி படிந்து பளபளத்தது. கம்பி நுனியை ஒரே அளவில், ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு இடத்தில்கூட வழியவில்லை. பொறுமையான கை, தினமும் இதையே செய்கிற கை. பஸ்ஸின் அடியில் படுத்து யார் ஒட்டியது என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லி வந்தவனுக்கு, இது தன் கை இல்லை என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாவது போர்டைத் திறந்தான். அதே கை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. இருபத்து நான்கு திருகாணியும் மேஜையில் கிடந்தன. ஏதாவது ஒரு மூலையில் தன் உருண்டை ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். இல்லை. துடைத்து எடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பரீட்சை என்ன ஆனது என்று கேட்க வாயைத் திறந்தவள், மேஜையில் ஆறு போர்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்ததும் கைப்பையை இறக்காமலே நின்றுவிட்டாள். அந்த நிற்பே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மச்சானை மட்டும்தான் அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கும் தெரியுமா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள். முதல் போர்டு சென்டரில் ஓடவில்லை, கரன்ட்டு கொடுத்ததும் புகைதான் வந்தது. தம்பி போன் பண்ணினான். அவள்தான் சொன்னாள், அங்கே யாரையாவது விட்டுச் சரி பண்ணிக் கொண்டுவா, அவரிடம் சொல்லாதே என்று. ஒரு தடவைதான் என்று நினைத்தாள். இரண்டாவதும் ஓடவில்லை. அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. அடியை மூடி வைக்கும் யோசனை தம்பியுடையது.

"டிரைவிங் லைசென்ஸுக்கு ஒரு தடவை போனீங்க, ஃபெயில்னு சொன்னாங்க, அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகல. நீச்சல் கத்துக்கப் போனீங்க, ஒரே நாள். முதல் போர்டே புகைஞ்சுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே எல்லாத்தையும் சுருட்டிப் பரண்ல போட்டிருப்பீங்க. நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவனை இன்னும் எரியவைத்தது.

"அப்ப நான் சிரிச்சப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?" என்றான்.

விரலை வைத்தால் ஸ்பீக்கர் உறுமிய அன்றைக்கு அவள் தம்பியைப் பார்த்த பார்வை இப்போது அவனுக்கு விளங்கியது. அந்த வீட்டில் அன்று மூன்று பேர் இருந்தார்கள், விஷயம் தெரியாதவன் ஒருத்தன்தான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, ஆறு போர்டையும் பரீட்சை போர்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனான். கவுன்ட்டரில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தான். அக்கா ராத்திரியே சொல்லியிருப்பாள் போல, முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா, உள்ள வாங்க, பேசலாம்."

"உன்கூடப் பேச வரல. இதை ஒட்டினவங்க யாரு?"

பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு எடை மெஷினின் குடல். வெல்டர் பையைக் கவிழ்த்தான். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுவா? நான்தான் பண்ணேன். எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஸ்கூல் புராஜெக்ட்டுக்குச் செய்யறான்னு கவுன்ட்டர்ல சொன்னாங்க. உங்க பையனாண்ணே?"

வெல்டர் தடுப்பின் பக்கம் திரும்பினான். சீட்டு எழுதுகிற சத்தம் நின்றிருந்தது.

"நான்தான் அந்தப் பையன்" என்றான்.

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவன் நகரவில்லை. ஆறிலும் என்ன தப்பு என்று சொல்லுங்கள், ஒவ்வொன்றாக வேண்டும் என்றான். அவள் யோசித்துப் பார்த்தாள். நான்காவதில் ஒரு டிரான்சிஸ்டர் திரும்பியிருந்தது, அது ஞாபகம் இருக்கிறது, எல்லோரும் செய்வது. மற்றது ஞாபகம் இல்லை. அப்புறம் பரீட்சை போர்டைக் கையில் எடுத்துத் திருப்பியதும் நிறுத்தினாள்.

"இதேதான். எல்லாத்துலயும் இந்த ஒரே தப்பு. நீங்க ஈயத்தை அயர்ன் நுனியில உருக்கி மேல சொட்டு விடுறீங்க. கீழ கம்பி சூடாகவே இல்ல. பாக்க ஒட்டின மாதிரி இருக்கும், உள்ள ஒட்டியிருக்காது. வெல்டிங் பண்றவரா?"

அவன் தலையை ஆட்டினான். அயர்னைத் தொட்ட முதல் நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தைத்தான் அவன் அந்த ஈயத்திலும் செய்துகொண்டிருந்தான்.

அவள் தன் அயர்னை அவன் கையில் கொடுத்தாள். "நுனியைக் கம்பிக்கும் போர்டுக்கும் சேர்த்து வைங்க. ரெண்டு எண்ணுங்க. இப்ப ஈயத்தை அயர்ன்ல காட்டாதீங்க, கம்பியில காட்டுங்க."

வைத்தான். எண்ணினான். ஈயத்தைக் கம்பியில் காட்டினான். அது தானாக உருகி, கம்பியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு ஓடி, சின்னக் கூடாரமாக நின்று பளபளத்தது. அடுத்த கம்பி, அதற்கும் அடுத்தது. எட்டோ ஒன்பதோ ஒட்டியிருப்பான். பரீட்சை போர்டுக்குக் கரன்ட்டு கொடுத்தாள் அவள். விளக்கு மினுக்கியது, சத்தம் வந்தது.

வெல்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம். ஆறு மாதத்தில் எந்த நாளிலும் யாரும் சொல்லியிருக்கக்கூடிய ஐந்து நிமிஷம்.

"முதல் போர்டு வந்த அன்னைக்கே சொல்லியிருப்பேண்ணே" என்றாள் அவள். "ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தானே சொல்றது. பையனைக் கூட்டிட்டு வாங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். கூச்சப்படுவான்னு சொன்னாங்க."

போகும்போது மச்சான் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தான். வெல்டர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டுக்கு வந்தான். அக்காதான் வரச் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேரும் சமையலறையில் ரொம்ப நேரம் கிசுகிசுத்தார்கள். அதற்குள் வெல்டர் ஆறு போர்டுக்கும் அட்டை வைத்துத் திருகாணி போட்டு, ரேடியோவைப் பழையபடி கோர்த்து, ஒரு நிலையத்தைப் பிடித்துச் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்தான். ஒரு பழைய துண்டில் சுற்றினான். மச்சான் எதிரே வந்து நின்றதும் அவன் கையில் வைத்தான்.

"என்ன மாமா இது?"

"ரேடியோ. நல்லா ஓடுது."

"எனக்கு எதுக்கு மாமா?"

"செஞ்சவங்க வீட்டுல இருக்கணும்ல."

"நான் செய்யல மாமா."

"நானும் செய்யல."

மனைவி நடுவில் வந்து, அது இங்கேயே இருக்கட்டும், நான் கேட்பேன் என்றாள். நீ கேட்க வேண்டுமென்றால் உன் தம்பி வீட்டில் போய்க் கேள் என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள், விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். மச்சான் குழந்தையைத் தூக்குவது போல ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கேட்டைத் திறக்கக் கை இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றான். அக்கா போய்த் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வெல்டர் வழக்கம்போல் பஸ்ஸுக்கு அடியில் படுத்தான். பெயின்ட்டர் இப்போது ஸ்டோர் ரூம் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுக்கு ஆறு அடித்தவன் கதை என்னாச்சு என்று குத்திக் காட்டுவான் என்று வெல்டர் எதிர்பார்த்தான். அவன் கேட்கவில்லை. எப்படியோ தெரிந்திருந்தது. அது குத்திக் காட்டினதைவிட மோசமாக இருந்தது.

அந்த வார நடுவில் வெல்டர் புதிதாகப் பாகங்கள் வாங்கி வந்தான். சமையலறை மேஜையைத் தொடவில்லை, பின்பக்க அறையில் துணி மடிக்கிற மேஜையைக் காலி பண்ணிக்கொண்டான். முதல் அத்தியாயம், முதல் போர்டு. இரண்டு சாயங்காலம் ஒட்டினான், ஒவ்வொரு கம்பியையும் சூடுபடுத்தி, இரண்டு எண்ணி. சனிக்கிழமை மத்தியானம் தானே கரன்ட்டு கொடுத்தான். புகை வரவில்லை. மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தது.

துவைத்த துணியோடு வந்த மனைவி வாசலில் நின்று மீட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்ன தேடினாள் என்று அவனுக்குத் தெரியும்.

"தம்பிகிட்ட வேணா கேக்கட்டுமா?" என்றாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது.

அவன் நாற்காலியைத் திருப்பி, மேஜை அவளுக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மீட்டரின் கறுப்புக் கம்பியை ஒரு மூலையில் மாட்டினான்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றான்.

அவள் துணியை அங்கேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் சிவப்புக் கம்பியை எடுத்து, கரன்ட்டு நுழைகிற இடத்தில் வைத்து, வந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.